எச்சமாய் நிற்கும் மகிழுந்து: ‘கிரான் டொரினோ’, ‘டிரைவ் மை கார்’ திரைப்படங்களில் நினைவும் உரிமைப்பேறும்

ஆய்வுச் சுருக்கம்

இறந்தவர் விட்டுச் சென்ற பழைய மகிழுந்து ஒன்று இன்னொருவர் கைக்கு மாறும்போது, அதனுடன் கைமாறுவது எது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ‘கிரான் டொரினோ’ (2008), ரியூசுகே ஹமகுச்சி இயக்கிய ‘டிரைவ் மை கார்’ (2021) ஆகிய இரு திரைப்படங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. தமிழில் ‘எச்சம்’ என்னும் சொல் மக்கட்பேறு, எஞ்சிய பொருள், முற்றுப்பெறாச் சொல்வடிவம் என்னும் பொருள்களில் வழங்குவது இவ்வாய்வுக்குக் கருவியாகிறது. இரு படங்களிலும் மகிழுந்து இரத்த உறவுக்கு வெளியே செல்கிறது. ஆயினும் முதற்படம் இறந்தவரின் நிபந்தனையோடும் குரலோடும் அதை ஒப்படைக்கிறது. இரண்டாம் படம் இறந்தவரின் குரலை விலக்கி, பெற்றவரின் செயலுக்கு இடம் விடுகிறது. இவ்வேறுபாடே இரு படைப்புகளின் அறநோக்கையும் வேறுபடுத்துகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: எச்சம், உரிமைப்பேறு, நினைவு, மகிழுந்து, கிரான் டொரினோ, டிரைவ் மை கார், ஒப்பாய்வு.

முன்னுரை

வீடு, நிலம், நகை ஆகியன தலைமுறை தோறும் கைமாறும் சொத்துகள். மகிழுந்து அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று. அது ஆண்டுதோறும் தேய்வது; மதிப்பு இழப்பது; புதியது வந்தவுடன் கழிக்கப்படுவது. அவ்வாறு கழிக்கப்படாமல் ஒருவர் வாழ்நாள் முழுதும் பேணிய வண்டியே ‘கிளாசிக் கார்’ என்னும் பெயரைப் பெறுகிறது. பேணுதல் நின்றுவிட்டால் அது ஓரிரு ஆண்டுகளில் துருப்பிடித்த இரும்பாகிவிடும். ஆகவே, இத்தகைய ஊர்தியை உரிமையாகப் பெறுபவர் ஒரு பொருளைப் பெறுவதோடு, ஒரு கடமையையும் பெறுகிறார். இறந்தவர் நாள்தோறும் செய்துவந்த வேலையைத் தொடர்ந்து செய்தால்தான் அந்த நினைவுப்பொருள் நினைவுப்பொருளாக நிலைக்கும்.

பிற நினைவுப்பொருள்களிலிருந்து மகிழுந்து இன்னொரு வகையிலும் வேறுபடுகிறது. புகைப்படத்தைப் பார்க்கலாம், கடிதத்தைப் படிக்கலாம். மகிழுந்தில் இறந்தவரின் இருக்கையிலேயே அமர வேண்டும். அவர் பிடித்த வளையத்தைப் பிடித்து, அவர் கண்ணாடியைத் தம் உயரத்துக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். நினைவைப் பேணுதலும் இறந்தவரின் இடத்தைத் தமதாக்குதலும் அங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. அந்த இடத்தில் அமர்பவர் யார், எந்த உரிமையால் அமர்கிறார், அமர்ந்தபின் அவர் தாமாக இருக்க இயலுமா என்னும் வினாக்கள் இதிலிருந்தே எழுகின்றன. மேற்குறித்த இரு திரைப்படங்களும் வெவ்வேறு பண்பாட்டுச் சூழலில் நின்று இவ்வினாக்களை எதிர்கொள்கின்றன.

எச்சம்: சொல்லும் கருவியும்

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில், ஒருவர் நடுநிலை உடையவரா அல்லரா என்பதை அறியும் அடையாளமாக ‘எச்சம்’ சுட்டப்படுகிறது. அச்சொல்லுக்குப் பரிமேலழகர் நன்மக்கள் எனப் பொருள் கொண்டார். இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியரான மு. வரதராசனார், ஒருவருக்குப் பின் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் எனப் பொருள் கண்டார். ஒரே சொல்லை முன்னவர் வழித்தோன்றலாகவும் பின்னவர் விளைவாகவும் கொண்டமை கருதத்தக்கது. ஒருவர் இறந்தபின் அவருக்கென்று நிற்பவர் அவருடைய பிள்ளைகளா, அவர் வாழ்ந்த வாழ்வின் மிச்சமா என்னும் கேள்வி அவ்விரு உரைகளுக்கும் இடையே ஒளிந்திருக்கிறது.

இலக்கணத்தில் அச்சொல் மேலும் ஒரு பொருளைப் பெறுகிறது. முற்றுப்பெறாது நின்று பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம். வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். ‘ஓட்டிய’ என்பது ஓட்டியவர் பெயரையோ ஓட்டப்பட்ட பொருளின் பெயரையோ வேண்டி நிற்கிறது. ‘ஓட்டி’ என்பது அடுத்து நிகழும் செயலை வேண்டி நிற்கிறது. எச்சம் என்பது குறைபாடு அன்று. தன்னை முடித்துவைக்கும் ஒன்றை எதிர்நோக்கும் நிலை. இறந்தவர் விட்டுச் சென்ற மகிழுந்தையும் இவ்வாறே கருதலாம். அது ஒரு வாழ்வின் முற்றுப்பெறாத சொல். அதை முடித்துவைப்பது பெயரா, வினையா என்பதே ஈண்டு வினா.

‘கிரான் டொரினோ’: ஊர்தியும் உழைப்பும்

நிக் ஷெங்க் எழுதிய திரைக்கதையைக் கொண்டு 2008 டிசம்பரில் வெளிவந்த ‘கிரான் டொரினோ’ ஓர் இறுதிச்சடங்கில் தொடங்குகிறது. கொரியப் போரில் பங்கேற்றவரும் ஃபோர்டு தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவருமான வால்ட் கோவால்ஸ்கி தம் மனைவி டோரதியை இழந்துள்ளார். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் அவர் வாழும் தெருவில் பழைய அயலார் மறைந்துவிட்டனர். லாவோஸிலிருந்து ஏதிலியராக வந்த ஹ்மாங் மக்கள் குடியேறியுள்ளனர். 1972ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட ஃபோர்டு கிரான் டொரினோ அவருடைய கொட்டகையில் பளபளப்பாக நிற்கிறது.

இவ்வூர்தியின் நினைவுச்சுமை மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலாவது அடுக்கு தனிமனித உழைப்பு. அந்த வண்டியின் சுக்கான் தண்டைத் தொழிற்சாலையில் தாமே பொருத்தியதாக வால்ட் கூறுகிறார். ஒரு தொழிலாளி தான் செய்த பொருளைத் தானே வாங்கி வைத்திருத்தல் பெருந்தொழில் உற்பத்தியில் அரிய நிகழ்வு. இரண்டாவது அடுக்கு ஊரின் வரலாறு. நகரும் கோர்ப்புத் தொடர் முறையை ஃபோர்டு நிறுவனம் 1913இல் நடைமுறைப்படுத்திய இடம் ஹைலண்ட் பார்க். அத்தொழில் கைவிட்டுப்போன அதே ஊரில் அதன் விளைபொருள் ஒன்று பேணப்படுகிறது. மூன்றாவது அடுக்கு ஆண்டு. 1972 என்பது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்கு முந்தைய ஆண்டு. அந்நெருக்கடிக்குப் பின் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் ஜப்பானியச் சிறு மகிழுந்துகள் அமெரிக்கச் சந்தையில் வேரூன்றின. வால்ட்டின் மகன் மிட்ச் ஜப்பானிய வாகனத்தில் வருவதும், அதைக் கண்டு தந்தை முணுமுணுப்பதும் குடும்பப் பிணக்கு மட்டுமல்ல; ஒரு தொழிலின் தோல்வியைத் தன் மகனின் கையில் காணும் தொழிலாளியின் வலி. அமெரிக்க மகிழுந்து நிறுவனங்கள் சிலவற்றுக்கு நடுவணரசு மீட்புக்கடன் அறிவித்த அதே மாதத்தில் இப்படம் வெளிவந்தமையால் அந்த வலி பொதுவலியாகவும் உணரப்பட்டது.

இத்துணை நினைவுகளைச் சுமந்த ஊர்தி பெரும்பாலும் ஓடுவதில்லை என்பது கருதத்தக்கது. வால்ட் அன்றாடம் பயன்படுத்துவது பழைய பிக்கப் வண்டியையே. கிரான் டொரினோ கழுவித் துடைக்கப்பட்டு வீட்டின் முன் நிறுத்தப்படுகிறது. அவர் முகப்பில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓட்டுவதற்குரிய பொருள் பார்ப்பதற்குரிய பொருளாகிவிட்டது. செயல் நின்று வடிவம் மட்டும் எஞ்சிய நிலை இது.

உரிமை பெறுவோரும் பெறாதோரும்

டோரதியின் இறுதிச்சடங்கு நாளிலேயே பேத்தி ஆஷ்லி கொட்டகைக்கு வந்து, தாத்தா இறந்தபின் அந்த மகிழுந்தை என்ன செய்யப்போகிறார் என்று வினவுகிறாள். அக்காட்சியால் இரத்த உறவின் உரிமை பார்வையாளர் கண்முன் நாணமிழக்கிறது. பக்கத்து வீட்டு ஹ்மாங் இளைஞன் தாவோ, உறவினனின் கும்பல் வற்புறுத்த, அதே வண்டியைத் திருட முயன்று பிடிபடுகிறான். கேட்பவளும் திருட முனைபவனும் தொடக்கத்தில் ஒரே தட்டில் நிற்கின்றனர். இருவரும் உழைக்காமல் பெற விழைபவர்கள். இதன்பின் இருவர் வழியும் பிரிகிறது. குடும்பத்தின் மானத்தை மீட்கத் தாவோ வால்ட்டிடம் வேலை செய்ய அனுப்பப்படுகிறான். தெருவிலுள்ள வீடுகளைப் பழுதுபார்க்கிறான். கருவிகளின் பெயரும் பயனும் அறிகிறான். திருட முயன்ற வண்டியையே கழுவுகிறான். வால்ட்டின் உதவியால் கட்டுமானப் பணியிலும் சேர்கிறான். உரிமை என்பது பிறப்பால் வருவதன்று, பேணக் கற்றுக்கொள்வதால் வருவது என்னும் கருத்தைப் படம் படிப்படியாக நிறுவுகிறது.

இக்கருத்து ஈர்ப்புடையது, எனினும் படம் அதை நிறுவும் முறை நடுநிலையானதன்று. ஆஷ்லியின் பேராசை அவள் உடை, பேச்சு, கைப்பேசி ஆகியவற்றின் வழி எளிதில் வரையப்பட்டுவிடுகிறது. தாத்தாவோடு அவளுக்கு இருந்திருக்கக்கூடிய வேறு எந்த நினைவுக்கும் படத்தில் இடமில்லை. அவளை உரிமையற்றவள் ஆக்குவதற்காகவே அவள் நினைவற்றவளாகப் படைக்கப்பட்டிருக்கிறாள் எனலாம். தாவோவின் தமக்கை சூ புறக்கணிக்கப்படுவது இன்னும் ஆழமான சிக்கல். வால்ட்டுடன் முதலில் நட்பாகப் பழகியவள் அவளே; தன் வீட்டுக்கு அழைத்து உணவிட்டு ஹ்மாங் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தவளும் அவளே. கும்பலின் கொடிய வன்முறைக்கு ஆளானவளும் அவளே. அவளுக்கு நேர்ந்த கொடுமையே வால்ட்டை உயிர்த்தியாகத்துக்கு இட்டுச் செல்கிறது. ஆனால் உயிலில் அவள் பெயர் இல்லை. டோரதி விரும்பியிருப்பார் என்னும் காரணத்தால் வீடு தேவாலயத்துக்குச் செல்கிறது; மகிழுந்து தாவோவுக்குச் செல்கிறது. பெண்ணின் நினைவு வீட்டோடும் சமயத்தோடும் பிணைக்கப்பட, ஊர்தி ஆணிடமிருந்து ஆணுக்குச் செல்லும் பொருளாக எஞ்சுகிறது.

உயிலும் நிபந்தனையும்

உயில் வாசிக்கப்படும் காட்சியில் கிரான் டொரினோ ‘நண்பன்’ தாவோவுக்கு அளிக்கப்படுகிறது. கூடவே நிபந்தனைகளும் உள்ளன. கூரையை வெட்டித் தாழ்த்தக் கூடாது. உடலில் தீச்சுடர் வரையக் கூடாது. பின்புறம் காற்றுத்தடுப்பு இறக்கை பொருத்தக் கூடாது. இவற்றைப் பிற சமூகத்தாரை இழித்துரைக்கும் சொற்களோடு வால்ட் எழுதிவைத்திருக்கிறார். திரையரங்கில் இது நகைச்சுவையாக ஏற்கப்பட்டது. ஆயினும் இந்நிபந்தனைகளின் உட்பொருள் நகைப்புக்குரியதன்று. கூரை தாழ்த்துதலும் உடலில் ஓவியம் தீட்டுதலும் அமெரிக்காவின் வேறு பல உழைக்கும் இளைஞர் குழுக்கள், சிறப்பாக மெக்சிகோ வழிவந்தோர், தொழிற்சாலைப் பொருளைத் தம்முடையதாக்கிக் கொண்ட வழிகள். அவற்றை விலக்குவதன் மூலம், பெற்றவன் தன் கைச்சுவட்டை வண்டியின்மேல் பதிக்கும் உரிமையையே உயில் விலக்குகிறது. வண்டி 1972இல் இருந்தவாறே இருக்க வேண்டும். தாவோ அதன் உடைமையாளனாகிறான். ஆயினும் காவலனாகவே நிறுத்தப்படுகிறான்.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது வால்ட்டின் பாவமன்னிப்புக் காட்சி. மனைவியின் இறுதி விருப்பத்தை நிறைவேற்றத் தேவாலயத்தில் பாதிரியாரிடம் அவர் சிறு பிழைகளை மட்டுமே சொல்கிறார். சரணடைய முனைந்த ஓர் இளைஞனைப் போரில் கொன்ற உண்மையை, தம் வீட்டு நிலவறையில் அடைக்கப்பட்ட தாவோவிடம் கம்பிவலைக் கதவின் ஊடாகவே சொல்கிறார். மகிழுந்து கைமாறுவதற்கு முன்பே குற்றவுணர்வு கைமாறிவிடுகிறது. அப்போரில் பெற்ற பதக்கமும் தாவோவின் சட்டையில் குத்தப்படுகிறது. அமெரிக்கா லாவோஸில் மறைமுகமாக நடத்திய போரில் துணைநின்று, 1975க்குப் பின் நாடிழந்த மக்களின் வழிவந்தவன் தாவோ. அவன் குடும்பத்துக்கும் போர் நினைவு உண்டு. அந்நினைவைச் சூ சில வரிகளில் சொல்வதோடு படம் நின்றுவிடுகிறது. ஒரு போரின் நினைவு பதக்கமும் மகிழுந்துமாகக் கைமாறுகிறது. இன்னொரு போரின் நினைவு பொருளின்றிப் போகிறது. தாவோவாக நடித்த பீ வாங், பின்னாளில் அப்படத்தின் இழிசொற்களையும் ஹ்மாங் மக்களைச் சித்திரித்த முறையையும் வெளிப்படையாக விமர்சித்தார். உரிமை பெற்றவனின் வாயிலிருந்து படத்துக்குள் வராத மறுமொழி படத்துக்கு வெளியே வந்தது எனலாம்.

‘டிரைவ் மை கார்’: ஒலிநாடாவின் இடைவெளி

ஹருகி முரகாமியின் அதே தலைப்புடைய சிறுகதையைத் தழுவியது ஹமகுச்சியின் திரைப்படம். கதையில் நாடக நடிகர் காஃபுகுவின் மகிழுந்து மஞ்சள் நிறச் சாப் 900. அந்நிறத்தைத் தேர்ந்தவர் மறைந்த மனைவி. படத்தில் அது சிவப்பு நிறம் பெறுகிறது. சாப், சுவீடன் நாட்டு நிறுவனம், 2011இல் திவாலானது. படம் வெளிவந்த காலத்தில் அவ்வூர்தியை உருவாக்கிய நிறுவனமே இல்லை. கிரான் டொரினோவுக்கு ஒரு நாட்டின் பெருமை பின்னணியாக இருந்தது. சாப் மகிழுந்துக்கு அத்தகைய பின்புலம் இல்லை. ஜப்பானில் ஓடும் சுவீடன் வண்டி அது. சாலையின் இடப்பக்கமாகச் செல்லும் நாட்டில் அதன் சுக்கான் இடப்பக்கம் அமைந்திருப்பதால் அது எப்போதும் சற்றே பொருந்தாமல் நிற்கிறது.

இவ்வூர்தியில் குடிகொண்டிருப்பது காஃபுகுவின் மனைவி ஓட்டோவின் குரல். அவர் பெயருக்கே ஜப்பானிய மொழியில் ஒலி என்பது பொருள். காஃபுகு வசனங்களை மனனம் செய்வதற்காகச் செகாவின் ‘வான்யா மாமா’ நாடகத்தை அவர் ஒலிநாடாவில் பதிவுசெய்து தந்திருக்கிறார். அதில் வான்யாவின் பகுதி மட்டும் விடப்பட்டிருக்கிறது; காஃபுகு தாமே பேசி நிரப்புவதற்கான இடைவெளி அது. திடீர் மூளை இரத்தக்கசிவால் ஓட்டோ இறந்தபின்னும் நாடா சுழல்கிறது. இறந்தவர் பேசுகிறார், நிறுத்துகிறார், மறுமொழிக்குக் காத்திருக்கிறார். முற்றுப்பெறாத சொல்வடிவம் என்னும் எச்சத்தின் இலக்கணத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி உருவம் அமைவது அரிது. மனைவி தமக்குத் துரோகம் இழைத்ததை அறிந்தும் அவர் உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டவர் காஃபுகு. இப்போது அந்த இடைவெளியில் அவர் செகாவின் வசனத்தைத்தான் பேச முடிகிறது. தம் சொல்லைப் பேச முடிவதில்லை. மகிழுந்து அவருக்கு நினைவிடமாகவும் மறைவிடமாகவும் ஒருங்கே அமைகிறது.

ஓட்டும் திறன் என்னும் உரிமைப்பேறு

ஈராண்டுகளுக்குப் பின் ஹிரோஷிமாவில் நாடகம் இயக்கச் செல்லும் காஃபுகு தம் வண்டியைத் தாமே ஓட்டக் கூடாது என விழா அமைப்பாளர்கள் விதிக்கின்றனர். ஓட்டுநராக வருபவள் மிசாக்கி வத்தாரி என்னும் 23 வயதுப் பெண். நான்கு வயதில் இறந்த காஃபுகுவின் மகள் உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கும் அதே வயது. வண்டியில் இருப்பதே தெரியாதவாறு மென்மையாக ஓட்டும் திறன் மிசாக்கிக்கு வந்த வழி கொடியது. பள்ளிப் பருவத்திலேயே, இரவுவிடுதியில் பணியாற்றிய தாயை அவள் மகிழுந்தில் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வண்டி குலுங்கித் தாயின் உறக்கம் கலைந்தால் அடி விழும். நிலச்சரிவில் வீடு இடிந்தபோது தாய் உள்ளே இருப்பது தெரிந்தும் உடனே உதவி தேடாமல் நின்ற குற்றவுணர்வு அவளிடம் உள்ளது. கன்னத்துத் தழும்பு அந்நாளின் அடையாளம்.

மிசாக்கியும் ஓர் உரிமைப்பேற்றைச் சுமப்பவளே. தாய் அவளுக்கு எப்பொருளையும் விட்டுச் செல்லவில்லை. ஓட்டும் கையை விட்டுச் சென்றாள். அடியால் கற்ற அக்கையின் மென்மையே காஃபுகுவுக்கு ஆறுதலாகிறது. கொடுத்தவரின் கொடுமையைப் பெற்றவர் கொடையாக மாற்றும் இந்நிகழ்வு ‘கிரான் டொரினோ’வில் காணாதது. வால்ட்டின் முரட்டுத்தனத்தைத் தாவோ அப்படியே பயில்கிறான். முடிதிருத்தும் கடையில் ஆண்மைப் பேச்சைப் பயிலும் காட்சி அதற்குச் சான்று. தாயின் கொடுமையைப் பயின்ற மிசாக்கியோ அதைத் திருப்பித் தருவதில்லை.

இருவரின் உறவும் வண்டிக்குள் இடம்மாறுவதன் வழியாகவே வளர்கிறது. தொடக்கத்தில் பின்னிருக்கையில் அமரும் காஃபுகு, பின்னர் முன்னிருக்கைக்கு, ஓட்டுபவளின் பக்கத்துக்கு வருகிறார். வண்டியில் புகைபிடிப்பதைத் தவிர்த்துவந்தவர்கள் கூரைத் திறப்பின் வழியே புகையும் சிகரெட்டுகளை உயர்த்திப் பிடிக்கும் காட்சியில், பேணப்பட்ட நினைவிடம் வாழுமிடமாக மாறுகிறது. ஹிரோஷிமாவிலிருந்து ஹொக்கைடோ வரை ஓட்டிச் சென்று, பனி மூடிய இடிபாட்டின் முன் இருவரும் தத்தம் இழப்பைச் சொல்கின்றனர். இங்கும் பாவமன்னிப்பு உண்டு. ஆனால் வால்ட்டின் காட்சியில் ஒருவர் சொல்ல இன்னொருவன் கம்பிவலைக்குப் பின் அடைபட்டுக் கேட்கிறான். இங்கே இருவரும் திறந்த வெளியில் நின்று ஒருவருக்கொருவர் சொல்கின்றனர். நினைவு ஒருவழியாகக் கைமாறுவதும் இருவழியாகப் பகிரப்படுவதும் இவ்விரு காட்சிகளின் அமைப்பிலேயே வேறுபட்டு நிற்கின்றன.

இரு இறுதிக் காட்சிகள்

இரு படங்களின் முடிவுகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்தவை. இரண்டிலும் பழைய உடைமையாளர் காட்சியில் இல்லை. இரண்டிலும் இரத்த உறவல்லாத இளையவர் அவ்வூர்தியை ஓட்டிச் செல்கிறார். இரண்டிலும் வண்டிக்குள் ஒரு நாய் உள்ளது. இவ்வளவு ஒற்றுமைக்குள்ளும் வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது.

தாவோ நீர்க்கரைச் சாலையில் செல்கிறான். பக்கத்தில் வால்ட்டின் நாய் டெய்சி. காட்சியின்மேல் ஒலிக்கும் பாடலை ஈஸ்ட்வுட்டின் கரகரத்த குரலே தொடங்கிவைக்கிறது. ஜேமி கல்லம் தொடர்ந்து பாடுகிறார். இறந்தவர் தம் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஓட்டுபவன் பேசுவதில்லை, வண்டி கடந்து சென்றபின்னும் பாடல் சாலையின்மேல் நீடிக்கிறது. உயிலில் வந்த ‘நண்பன்’ என்னும் சொல்லும் தாவோவின் பெயரும் எச்சத்தை முடித்துவைத்துவிட்டன. அந்தப் பெயர் கொடுத்தவரால் எழுதப்பட்டது. இவ்வகையில் ‘கிரான் டொரினோ’வின் ஊர்தியைப் பெயரெச்சம் எனலாம்.

மிசாக்கியின் இறுதிக் காட்சி கொரியாவில் நிகழ்கிறது. பெருந்தொற்றுக் காலம், முகக்கவசம் அணிந்து கடையில் பொருள் வாங்கி வந்து சிவப்பு நிறச் சாப் வண்டியில் ஏறுகிறாள். பின்னிருக்கையில் நாய். முகக்கவசத்தை நீக்கும்போது கன்னத்துத் தழும்பு மங்கியிருப்பது தெரிகிறது. காஃபுகு வண்டியைக் கொடுத்தாரா, விற்றாரா, அவர் இருக்கிறாரா என எதையும் படம் சொல்வதில்லை. முரகாமியின் சிறுகதையில் இத்தகைய கைமாற்றமே இல்லை. மிசாக்கி ஓட்ட, காஃபுகு கண்மூடி உறக்கத்தை நாடுவதோடு கதை முடிகிறது. ஆகவே, கைமாற்றம் ஹமகுச்சி தாமே சேர்த்தது. சேர்த்தபின் அதன் ஆவணத்தையும் காரணத்தையும் வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார். அங்கே ஓட்டோவின் குரல் கேட்பதில்லை. மேலும், கொரியாவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. ஜப்பானில் பொருந்தாமல் இருந்த இடப்பக்கச் சுக்கான் அங்கே பொருந்திவிடுகிறது. வண்டி மாறவில்லை, வண்டி ஓடும் நிலம் மாறியிருக்கிறது. இறந்தவரின் பொருள் புதியவரின் இடத்தில் முறையான பொருளாகிறது. அதை முடித்துவைப்பது பெயர் அன்று. ஓட்டுதல் என்னும் செயல். இவ்வகையில் அது வினையெச்சம்.

மதிப்பீடு

இவ்வொப்பீட்டால் ஒரு படத்தை உயர்த்தி மற்றதைத் தள்ளிவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. ‘டிரைவ் மை கார்’ காக்கும் மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. காஃபுகு பணம் உடையவர். மிசாக்கி அவருக்கு அமர்த்தப்பட்ட ஊழியர். வசதியுள்ளவரின் விலையுயர்ந்த வண்டி ஊழியரிடம் வந்த வழியைச் சொல்லாமல் விடும்போது, அவ்வுறவிலிருந்த ஏற்றத்தாழ்வும் சொல்லப்படாமல் போகிறது. ‘கிரான் டொரினோ’ அந்த ஏற்றத்தாழ்வை மறைப்பதில்லை. யாருக்கு, எதனால், எந்த நிபந்தனையில் என்பதைச் சட்டமொழியில் வெளிப்படையாக வைக்கிறது. பிள்ளைகள் ஏமாற்றத்தோடு அமர்ந்திருப்பதையும் காட்டுகிறது. உரிமைப்பேற்றில் ஒருவர் பெறும்போது இன்னொருவர் இழக்கிறார் என்னும் கசப்பை எதிர்கொண்டது முதற்படமே. அது போலவே, ஓட்டோவின் நினைவு பெரும்பாலும் ஆண்களின் வாய்வழியாகவே விளக்கம் பெறுகிறது என்னும் குறையை இரண்டாம் படத்தின்மேல் சுமத்தவும் இடமுண்டு.

ஆயினும் நினைவைப் பெறுபவரின் விடுதலை என்னும் அளவுகோலில் வேறுபாடு நிலைக்கிறது. பேணுதல் இருவகைப்படும். பொருளை அது இருந்தவாறே காத்தல் ஒன்று. பொருள் பயன்படுமாறு காத்தல் மற்றொன்று. வால்ட் முதல்வகைப் பேணுதலைக் கட்டளையாக்குகிறார். மிசாக்கி இரண்டாம் வகையைத் தன் நாள்வாழ்வாக்குகிறாள். கடைக்குச் சென்று பொருள் வாங்கி வருவதற்கு அந்த வண்டியைப் பயன்படுத்துகிறாள். வீட்டின் முன் பார்வைப்பொருளாக நின்ற வண்டிக்கும் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் இடையிலான தொலைவே இரு படங்களுக்கும் இடையிலான தொலைவு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன புலனாகின்றன. ஒன்று, இரு திரைப்படங்களும் மகிழுந்தின் உரிமையை இரத்த உறவிலிருந்து பிரித்து, பேணுதலோடும் ஓட்டுதலோடும் இணைக்கின்றன. எச்சம் என்பதற்கு மக்கட்பேறு எனக் கொண்ட உரையைவிட, எஞ்சி நிற்பது எனக் கொண்ட உரையே இப்படைப்புகளுக்குப் பொருந்துகிறது. இரண்டு, அவ்வாறு பிரித்தபின்னும் உரிமைப்பேறு தானாகவே நியாயமானதாகிவிடுவதில்லை. சூ பெயரின்றிப் போனதும் தாவோ நிபந்தனைக்கு உட்பட்டதும் அதற்குச் சான்று. மூன்று, இறந்தவரின் நினைவு எஞ்சுவதற்கு அவர் குரல் என்றும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓட்டோ தம் ஒலிநாடாவில் ஒருவருக்கு இடம்விட்டுப் பேசினார். அந்நாடா ஒலிக்காத வண்டியில், அவரைக் கண்டறியாத ஒரு பெண் அயல்நாட்டுச் சாலையில் செல்லும்போதும் அவ்வூர்தி ஓட்டோவின் நினைவிலிருந்து விலகிவிடவில்லை. பார்வையாளர் அதை அறிவர், மிசாக்கியும் அறிவாள்.

மறைந்தவரின் வாகனத்தைப் பெறுதல் பற்றிய தமிழ்ப் புனைவுகளையும் திரைப்படங்களையும் ஆராய முனைவோர், உடைமை யாருக்குச் சென்றது என்பதோடு நில்லாமல், பெற்றவருக்கு அதில் எவ்வளவு இடம் விடப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும். எச்சத்தைப் பெற்றவர் தம் சொல்லால் முடிக்க இயலுகிறதா என்பதே அவ்வாய்வுகளுக்கு உரிய அளவுகோலாகும்.